கொலை, பேய், ரெண்டும்: ஒரு வருஷ வாசிப்புக் கணக்கு

போன வருஷம் ஜனவரி 1-ம் தேதி ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். ஒரு வருஷம் முழுக்கத் தமிழ்ல துப்பறியும் கதையும் மாயக்கதையும் மட்டும் வாசிப்பது, வாசிச்சதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைப்பது என்று திட்டம். தேதி, தலைப்பு, ஆசிரியர், முதலில் வெளிவந்த ஆண்டு, எங்கே கிடைச்சது, வகை, ஒரு வரி அபிப்பிராயம் என்று ஏழு பத்தி. 'வகை' பத்தியில் ரெண்டே தேர்வு: க்ரைம், ஃபேண்டஸி.

டிசம்பர் 31-ல் 52 வரிசை இருந்தது. க்ரைம் 31, ஃபேண்டஸி 12. மிச்சம் 9 வரிசையில் கேள்விக்குறி. 'கொலையுதிர் காலம்' அதில் ஒன்று. சுஜாதா 1981-ல் குமுதத்தில் எழுதின தொடர். கணேஷ் அறிவியலைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், வசந்த் பேய்தான் என்பான். முடிவைச் சொல்ல மாட்டேன், ஆனால் வாசித்தவர்களுக்குத் தெரியும், அதை எந்தப் பெட்டியில் போடுவது என்பது லேசான காரியம் இல்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் இப்படித்தான். இந்திரா சௌந்தர்ராஜன் என்றால் கேட்கவே வேண்டாம்.

சாஃப்ட்வேர் வேலையில் இருபது வருஷம் ஓட்டியதில் கற்றது ஒன்று உண்டு. ஆறில் ஒரு பங்கு தரவு பெட்டிக்குள் உட்கார மாட்டேன் என்றால், தப்பு தரவில் இல்லை, பெட்டியில். அப்போ இந்தப் பெட்டியை யார் செய்தது? எனக்கு முன்னாடி இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு யார், எப்படிக் கணக்கு வைத்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் வந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

சர்க்கார் வைத்த கணக்கு

அச்சான தமிழ்ப் புத்தகங்களுக்குப் பெரிய அளவில் பட்டியல் போட்டவர் ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி. அவருடைய வகைப்படுத்திய அட்டவணை 1865-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1867-ல், பிரிட்டிஷ் இந்திய அரசு அச்சகங்களையும் புத்தகங்களையும் பதிவு செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தப் புத்தகம் அச்சானாலும் பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் விவரங்களை ஒரு பதிவேட்டில் ஏற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசிதழில் வெளியிடுவார்கள்.

என்னென்ன விவரம் தெரியுமா? தலைப்பு, மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர், பொருள், அச்சிட்ட ஊர், அச்சிட்டவர், வெளிவந்த தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, விலை, உரிமை யாரிடம். முதல் தடவை பார்த்தபோது அசந்துவிட்டேன். 150 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு டேட்டாபேஸ் டிசைன். நாம் போடுகிற ஏழு பத்தி எல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

நூலகத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று ஒரு கண் வைக்கவும்தான். நோக்கம் என்னவாக இருந்தாலும், 19-ம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு இந்தப் பதிவேடுகள் தயவு. பிற்காலத்தில் வந்த 'தமிழ் நூல் விவர அட்டவணை' தொகுதிகளுக்கும் இவைதான் அடிப்படை.

ஆனால் பத்திகளை இன்னொரு தடவை பாருங்கள். எல்லாமே புத்தகம் கடைக்கு வருகிற வரைக்கும்தான். எத்தனை பிரதி அச்சானது என்று இருக்கிறது. எத்தனை பேர் வாசித்தார்கள் என்ற பத்தி கிடையாது. யார் வாசித்தார்கள், முடித்தார்களா, பிடித்ததா, எதுவும் கிடையாது. அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ரெண்டு பெட்டியிலும் ஒரே ஆள்

தமிழின் முதல் துப்பறியும் புத்தகமாகச் சொல்லப்படுவது 1894-ல் பண்டித நடேச சாஸ்திரி எழுதிய 'தானவன்'. தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள் என்பது முழுத்தலைப்பு. 'அற்புதக் குற்றங்கள்' என்ற சொற்சேர்க்கையைக் கவனியுங்கள். 'அற்புதம்' என்பது மாயக்கதைக்காரர்களின் சொல். அது வந்து 'குற்றம்' பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நடேச சாஸ்திரி யார் என்று பார்த்தால் இது ஆச்சரியம் இல்லை. 1859-ல் பிறந்தவர், தொல்லியல் துறையில் ராபர்ட் சுவெல்லிடம் வேலை பார்த்தவர், நாட்டார் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 'மதனகாமராஜன் கதை'யை 1886-லேயே இங்கிலீஷில் கொடுத்தவரும் அவர்தான். அதாவது ராட்சசன், பறக்கும் பாதுகை, கூடுவிட்டுக் கூடு பாய்வது மாதிரியான கதை மரபில் ஊறின அதே ஆள் எட்டு வருஷம் கழித்துப் போலீஸ் கதை எழுதுகிறார். அவரை என் ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்தால் ரெண்டு தேர்வையும் டிக் பண்ண வேண்டும்.

பாளையங்கோட்டைக்காரர்

அடுத்து எங்க ஊருக்கு வருகிறேன். ஜே.ஆர். ரங்கராஜு 1875-ல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய 'ராஜாம்பாள்' 1908-ல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானது இந்த வரிசை நாவல்களில்தான். 'சந்திரகாந்தா', 'மோகனசுந்தரம்', 'ஆனந்தகிருஷ்ணன்', 'ராஜேந்திரன்' என்று தொடர்ந்து எழுதினார்.

1908 என்றதும் திருநெல்வேலிக்காரர்களுக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வரும். வ.உ.சி. கைதானதை ஒட்டி மார்ச் 13-ம் தேதி ஊரே கொந்தளித்தது, நகராட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தீ வைத்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டார். நிஜத்தில் இந்த ஜில்லாவில் போலீஸ் என்றால் வேறு அர்த்தம் இருந்த அதே சில வருஷங்களில், இந்த ஜில்லாவில் பிறந்த ஒருத்தர் எழுதின துப்பறிவாளரை ஜனங்கள் விழுந்து விழுந்து வாசித்திருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் ஒரே காலம் என்பதை மறக்கவும் முடியவில்லை.

ரங்கராஜுவின் கதைகள் புத்தகத்தோடு நிற்கவில்லை. எம். கந்தசாமி முதலியார் அவற்றை நாடகமாக்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். 'ராஜாம்பாள்' 1935-லும் மறுபடி 1951-லும் சினிமாவானது. ரெண்டாவது படத்தில்தான் ஆர்.எஸ். மனோகர் அறிமுகம். 'சந்திரகாந்தா' 1936-ல், 'மோகனசுந்தரம்' 1951-ல். ஒரு கதையை ஒருத்தர் வாசிக்க, நாலு பேர் காதால் கேட்க, நாற்பது பேர் நாடகமாகப் பார்க்க, அப்புறம் ஊரே சினிமாவாகப் பார்த்திருக்கிறது. பதிவேட்டில் பிரதிகளின் எண்ணிக்கை மட்டும்.

இவர் தனி ஆள் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார் 'ஆனந்தசிங்' என்று ஒரு துப்பறிவாளரை உலவவிட்டார், ரெயினால்ட்ஸ் நாவல்களைத் தமிழாக்கித் தள்ளினார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' என்று எழுதினார். பின்னதுதான் 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்', எம்.என். நம்பியார் கதாநாயகன். ரெயினால்ட்ஸை இவர்கள் மட்டும் தொட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளே 1911-ல் ரெயினால்ட்ஸ் கதை ஒன்றைத் தழுவி 'குமுதவல்லி' எழுதினார். அடிகளின் நூல்களைப் பின்னாடி வெளியிட்ட சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920-ல் தொடங்கியது எங்க திருநெல்வேலியில்தான்.

இந்த நாவல் வெள்ளத்தைப் பார்த்துப் பெரியவர்கள் பதறினார்கள். பெண்கள் கெட்டுப்போகிறார்கள், மாணவர்கள் வீணாகிறார்கள் என்று எழுதினார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) இதை விரிவாகச் சொல்கிறது. அவரும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சில காலம் பணியாற்றியவர். கூட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட பழக்கம் போய், ஒரு ஆள் ஒரு மூலையில் சத்தமில்லாமல் தனியாக வாசிக்கும் பழக்கம் நாவலோடு வந்தது என்பது அந்த நூலின் முக்கியமான வாதம். எனக்கு அதிலிருந்து தோன்றியது வேறு ஒன்று. உரக்கப் படித்தால் சாட்சி இருக்கும். மௌனமாக வாசிப்பதற்கு வாசித்த ஆளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்த ஆளும் எழுதி வைக்கவில்லை என்றால் அந்த வாசிப்பு நடந்ததற்கே தடயம் இல்லை.

அச்சுக்கே வராதது

பதிவேட்டில் விட்டுப்போனது இன்னொன்றும் உண்டு. எங்க பக்கத்துக் கோயில் கொடையில் ராத்திரி முழுக்க நடக்கும் வில்லடி. சுடலைமாடன் கதை, இசக்கி கதை, முத்துப்பட்டன் கதை. யோசித்துப் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் கொலைக் கதைகள்.

முத்துப்பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமண இளைஞன், சக்கிலியர் குலத்துச் சகோதரிகள் பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் விரும்புகிறான், அதற்காகப் பூணூலை அறுக்கிறான், செருப்புத் தைக்கிறான், மாமனாரின் மாட்டுக்கிடைக்குக் காவல் போகிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். சகோதரிகள் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையார் பக்கம், தாமிரபரணிக் கரையில், சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக இன்றும் நிற்கிறான். ஜனங்கள் அவனுக்குச் செருப்புக் காணிக்கை போடுகிறார்கள். அடுத்த தடவை வந்து பார்த்தால் அது தேய்ந்திருக்கும், பட்டவராயன் ராத்திரி போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பார்கள். ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இந்தக் கதையைப் பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வழியாக 1971-ல் வெளிக்கொண்டுவந்தவர் நா. வானமாமலை. நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர்.

துப்பறியும் நாவல் கேட்பது 'யார் கொன்னது?' வில்லடியில் அது முதலிலேயே எல்லாருக்கும் தெரியும். அங்கே கேள்வி, 'செத்தவருக்கு நாம என்ன பாக்கி வெச்சிருக்கோம்?' கொலை முடிந்த இடத்தில் நாவல் ஆரம்பிக்கிறது என்றால், கொலை முடிந்த இடத்தில் இங்கே தெய்வம் ஆரம்பிக்கிறது. க்ரைம் என்றும் ஃபேண்டஸி என்றும் ரெண்டாக வெட்ட இதில் இடமே இல்லை. என்னுடைய ஒன்பது கேள்விக்குறிக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. அந்தக் கதைகள் வகை தப்பிப் பிறந்தவை இல்லை. ரெண்டு பெட்டி போட்டு வைத்த நான்தான் எங்க ஊர்க் கதையை மறந்துவிட்டேன்.

அம்மாவின் நோட்டு

இதெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது தீபாவளிக்குப் பாளையங்கோட்டை போனேன். பரணில் வேறு எதையோ தேடும்போது ஒரு கோடு போட்ட நோட்டு கிடைத்தது. முன்பக்கம் பால் கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் அம்மாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல். 1986 ஜூனிலிருந்து 1987 மே வரை, 143 வரிசை.

அந்தக் காலத்தில் தெருமுனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. மாலைமதி, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ராஜேந்திரகுமார், பி.டி. சாமியின் பேய்க்கதைகள் எல்லாம் கயிற்றில் தொங்கும். கடைக்கார அண்ணாச்சி ஒரு நாள் வாடகைக்குக் கொடுப்பார். தலைப்புகள் எல்லாம் ஒன்று போலவே இருப்பதால் படித்ததையே மறுபடி எடுத்து வந்து காசு வீணாகும். அதற்காக அம்மா எழுதி வைத்த கணக்கு அது.

அம்மாவின் பட்டியலிலும் வகை என்று ஒரு பத்தி இருந்தது. 'கொ', 'பே', 'ரெ'. கேட்டேன்.

"கொலை, பேய், ரெண்டும்," என்றாள் அம்மா. "இது கூடவா தெரியல? நீயெல்லாம் என்னத்தல கம்ப்யூட்டர் படிச்ச?"

கடைசிப் பத்தியில் 'ந', 'சு', 'மு'. நல்லது, சுமார் என்பது புரிந்தது. 'மு' என்றால்?

"முடிவு மொதல்லயே தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

143-ல் 'மு' வாங்கியவை 38. 'ரெ' 21, அதாவது ஏழில் ஒன்று. என்னுடைய கணக்கில் ஆறில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். ரொம்பத் தள்ளி இல்லை. வித்தியாசம் என்னவென்றால், நான் கேள்விக்குறி போட்ட இடத்தில் அம்மா ஒரு எழுத்துப் போட்டிருக்கிறாள்.

இது போல இன்னும் நாலைந்து நோட்டு இருந்ததாம். வீடு வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டது. கேபிள் டிவி வந்த பிறகு அண்ணாச்சியும் கடையை மூடினார். புத்தகங்கள் எடைக்குப் போயின.

பொது நூலகங்களில் நிலைமை பரவாயில்லையா என்று பார்த்தேன். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். அதனால்தான் சின்ன ஊரில் கூட நமக்கு நூலகம் இருக்கிறது. ஆனால் யார் எடுத்தார்கள் என்ற பதிவு நீண்ட நாள் தங்காது. தங்குவது பின்னட்டைக்குள் ஒட்டின தேதிச் சீட்டு மட்டும். ஒரு கிளை நூலகத்தில் ராஜேஷ்குமார் நாவல் ஒன்றில் சீட்டு மேல் சீட்டாக நாலு ஒட்டியிருந்தது. பக்கத்து அலமாரியில் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தில் சீட்டே வெள்ளையாக இருந்தது. அடுத்த தடவை போனபோது அந்த நாவல் இல்லை. கிழிந்துவிட்டது, கழித்துவிட்டோம் என்றார்கள். வெள்ளைச் சீட்டுப் புத்தகம் பத்திரமாக இருந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதன் விளைவு என்ன? அதிகம் வாசிக்கப்பட்ட புத்தகம் தேய்ந்து அழிகிறது, யாரும் தொடாதது தங்குகிறது. நூறு வருஷம் கழித்து ஒருத்தர் வந்து மிஞ்சின புத்தகங்களை வைத்து 1987-ல் நெல்லையில் என்ன வாசித்தார்கள் என்று எழுதினால், அது தலைகீழாகத்தான் இருக்கும். புத்தகம் அச்சானதற்கு அரசு கணக்கு வைக்கிறது. வாசித்ததற்கு வாசகர்தான் வைக்க வேண்டும், வேறு ஆள் கிடையாது.

இன்னொரு கணக்கும் இருந்தது, அதையும் அம்மாதான் சொன்னாள். நோட்டைக் கொண்டுபோக மறக்கிறவர்கள் வாடகைப் புத்தகத்தின் 17-ம் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன அடையாளம் போடுவார்களாம். ஒருத்தருக்குச் சுழி, ஒருத்தருக்குப் பெருக்கல், ஒருத்தருக்கு நட்சத்திரம். அடுத்த தடவை அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும், தான் படித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். டிசம்பரில் ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் வாடகைக் கடை முத்திரை போட்ட நாவல் ஒன்று கிடைத்தது. 17-ம் பக்கத்தைத் திருப்பினேன். கீழே ஓரத்தில் ஐந்து அடையாளம். அம்மாவோடது இல்லை. ஆனால் ஐந்து பேர் இதைப் படித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே ஆவணம் அந்தப் பக்கம்தான்.

இந்த வருஷ ஸ்ப்ரெட்ஷீட்டில் மாற்றம் செய்துவிட்டேன். வகைக்கு மூன்று தேர்வு. 'மு'வுக்கு ஒரு பத்தி. 'யாரோடு' என்று ஒரு பத்தி, உரக்கப் படித்தால் அதில் பெயர் வரும். அம்மாவின் 143 வரிசையையும் தட்டச்சு செய்து தனித் தாளாகச் சேர்த்துவிட்டேன். சுருக்கி எழுதின தலைப்புகளில் 88-க்கு முழுத்தலைப்பும் ஆசிரியரும் கண்டுபிடித்தாகிவிட்டது, மிச்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் பால் கணக்கு நோட்டு இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு தடவை பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பாருங்கள்.

முதல் வரிசை 'ராஜாம்பாள்'. அம்மாவுக்கு இப்போது சின்ன எழுத்துத் தெரிவதில்லை, அதனால் நான் உரக்கப் படித்தேன். 'யாரோடு' பத்தியில் 'அம்மா'. பாதிப் புத்தகம் கூட வரவில்லை, கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மு போட்டுக்கோ. ஆனா நிறுத்தாத, மிச்சத்தையும் படி."